வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் பழைய டிராம்பாதைகளைக் கண்டறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தென் வேல்ஸின் இரும்பு, நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் நீராவி ரயில் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பிருந்தே டிராம்பாதைகள் எனப்படும், குதிரைகள் இழுத்த இருப்புப்பாதைகள் நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குப் பரவியிருந்தன. அவற்றின் தண்டவாளங்கள் பெரும்பாலும் உருக்கி விற்கப்பட்டுவிட்டன. ஆனால் பாதையின் தளம், தாங்குகற்கள், பாலங்கள், தடுப்புச்சுவர்கள், சுரங்கவழிகள் ஆகியவை காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் சில இடங்களில் வீடுகளின் கொல்லைப்புறத்திலும்கூட இன்றும் எஞ்சியுள்ளன. இவற்றைத் தேடிச் செல்ல விரும்புவோர் எங்கே தொடங்கி, எதைப் பார்த்து, எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடங்குமுன் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: எந்தச் சுமை எந்தத் திசையில் சென்றது என்ற கேள்வி. ஒரு டிராம்பாதை ஏன் இந்தச் சரிவில் போகிறது, ஏன் இங்கே வளைகிறது, ஏன் ஆற்றைக் கடக்கிறது என்பவற்றுக்கெல்லாம் இந்தக் கேள்விக்கான விடைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. கல்லையும் துளையையும் மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவர், கண்ணில் பட்டதைப் பட்டியலிடுவாரேயன்றிப் பாதையைப் புரிந்துகொள்ளமாட்டார்.

முதல் படி: பாதை ஏன் அமைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெர்தர் டிட்வில், ப்ளைனாவன், அபர்டேர் போன்ற இடங்களின் இரும்பாலைகள் மலைத்தலைப்பில் இருந்தன. துறைமுகங்கள் கடலோரத்தில் கார்டிஃபிலும் நியூபோர்ட்டிலும் இருந்தன. இரண்டையும் இணைக்க முதலில் கால்வாய்களே வெட்டப்பட்டன. மெர்தரிலிருந்து கார்டிஃபுக்குச் சென்ற கிளமார்கன்ஷயர் கால்வாய் 1794இல் திறக்கப்பட்டது. கால்வாய் செங்குத்தான மலைச்சரிவில் ஏற முடியாது; ஆகவே உலைகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் கற்குவாரிகளிலிருந்தும் கால்வாய்ப் படகுத்துறை வரை சரக்கைக் கொண்டுவரக் கிளைப்பாதைகள் தேவைப்பட்டன. இதைக் கருதியே கால்வாய்ச் சட்டங்களில் தனி விதி சேர்க்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, 1792ஆம் ஆண்டின் மன்மத்ஷயர் கால்வாய்ச் சட்டம் கால்வாயிலிருந்து 8 மைல் தொலைவுக்குள் இத்தகைய இருப்புப்பாதைகளை அமைக்க வழிசெய்தது. டிராம்பாதைகளின் பிறப்பிடம் இந்த விதிதான் என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்ககாலப் பாதைகளில் சில, இன்றைய ரயிலைப்போல் சக்கரத்தில் விளிம்பு கொண்ட வண்டிகள் ஓடும் விளிம்புத் தண்டவாளங்களைக் கொண்டிருந்தன. பெஞ்சமின் அவுட்ராம் என்னும் பொறியாளரின் செல்வாக்கால், 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது மாறியது. அவர் வலியுறுத்திய முறையில், குறுக்குவெட்டில் ஆங்கில எழுத்து எல் வடிவில் அமைந்த வார்ப்பிரும்புத் தட்டுகள் தண்டவாளமாகின. விளிம்பு தட்டில் இருந்ததால் வண்டியின் சக்கரம் விளிம்பின்றித் தட்டையாக இருந்தால் போதும். ஒவ்வொரு தட்டும் பொதுவாக 3 அடி நீளமுடையது. அதன் இரு முனைகளும் தனித்தனித் தாங்குகற்களின் மீது பதிக்கப்பட்டன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே மரக்கட்டை போடாமல், இரு வரிசைகளாகத் தனிக்கற்களை வைத்ததற்குக் காரணம் குதிரைதான். அது இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் நடந்து இழுத்தது. குறுக்குக்கட்டைகள் இருந்திருந்தால் குளம்பு இடறும். நடுவே சரளை பரப்பி, குதிரைக்கு ஒழுங்கான நடைபாதையாக அதை வைத்திருந்தார்கள்.

இரண்டாம் படி: வீட்டிலிருந்தே பாதையைத் தேடுங்கள்

களத்தில் செலவிடும் நேரத்தில் பாதியை வரைபடத்தின் முன் செலவிடுபவருக்கே பலன் அதிகம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் வேல்ஸ் பகுதிக்கான ஆர்டனன்ஸ் சர்வே என்னும் பிரிட்டிஷ் தேசிய வரைபட அமைப்பின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்ட ஒரு மைலை ஆறங்குலமாகக் காட்டும் படங்களில் பல டிராம்பாதைகள் கைவிடப்பட்டவையாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1840களைச் சேர்ந்த தசமபாக வரி (தேவாலயத்துக்கான விளைச்சல் வரி) வரைபடங்கள் இன்னும் பழையவை. அவற்றை வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளத்தில் பார்க்கலாம்.

அடுத்து, வேல்ஸ் அரச ஆணையத்தின் கோவ்லைன் தரவுத்தளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் இருப்பிடமும் சுருக்கக் குறிப்பும் அதில் உண்டு. வட்டாரத் தொல்லியல் பதிவுகள் ஆர்க்கிவிலியோ என்னும் தளத்தில் கிடைக்கும். வேல்ஸ் அரசின் டேட்டாமேப்வேல்ஸ் தளத்தில் லைடார் படங்கள் உள்ளன. விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து உருவாக்கும் இந்தப் படத்தில் மரங்களை நீக்கிவிட்டு வெறும் நிலத்தைக் காணலாம் என்பதால், அடர்ந்த காட்டுக்குள் மறைந்த பாதைத்தளம் மெல்லிய கோடாகத் தெளிவாகத் தெரியும்.

ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். மெர்தரில் டிராம்ரோடு சைடு என்ற தெருப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. மெர்தரிலிருந்து இறங்கும் டிராம்பாதையின் கீழ்முனையான அபர்கனன் ஒருகாலத்தில் நேவிகேஷன் (நீர்வழிப் போக்குவரத்து) என்றே அழைக்கப்பட்டது.

மூன்றாம் படி: பருவமும் கருவிகளும்

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. கோடையில் மலைச்சரிவுகளை இடுப்பளவு உயரப் பெரணிச்செடி மூடிவிடும். அதன் கீழே ஒரு டிராம்பாதையே கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலில், தரையின் சிறு மேடும் நிழல் விழுந்து புலப்படும். பகல் மிகக் குறுகியது என்பதால் காலையிலேயே புறப்படுவது நல்லது.

அளவுநாடா, திசைகாட்டி, நீர் புகாத காலணி, மழைச்சட்டை, கைபேசிக்கான கூடுதல் மின்கலம், ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஆகியவை போதும். மெர்தர் பகுதிக்கு 166ஆம் எண் வரைபடமும், ப்ளைனாவன் மலைகளின் வடபுறமும் பிரெக்கன் மலைப்பகுதியின் கிழக்குப்புறமும் வேண்டுமானால் ஓஎல் 13 வரைபடமும் தேவைப்படும். பழைய சுரங்க வாய்களுக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். காற்றில் உயிர்வளி குறைந்திருப்பது உள்ளே போகும்வரை தெரியாது.

நான்காம் படி: கீழ்முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

முதல் நடைக்கு மெர்தர் டிராம்பாதையைவிடப் பொருத்தமானது வேறில்லை. பெனிடாரன் டிராம்பாதை என்றும் இதைச் சொல்வார்கள். கார்டிஃபிலிருந்து மெர்தர் செல்லும் ரயிலில் அபர்கனன், குவேக்கர்ஸ் யார்டு, மெர்தர் வேல், ட்ராய்ட்-இ-ரியூ, பென்ட்ரெபாக் ஆகிய நிலையங்கள் வரிசையாகப் பாதையை ஒட்டியே அமைந்துள்ளன. களைத்துவிட்டால் எந்த நிலையத்திலும் ரயிலேறித் திரும்பலாம்.

இந்தப் பாதை உருவானதற்கு ஒரு பகையும் காரணம். கால்வாயின் மேற்பகுதியில் நீர் போதவில்லை. அத்துடன் கிவார்த்வா இரும்பாலையின் ரிச்சர்ட் கிராஷே கால்வாய் நிறுவனத்தில் செலுத்திய ஆதிக்கத்தை மற்ற இரும்பாலை உரிமையாளர்கள் விரும்பவில்லை. ஆகவே பெனிடாரன், டவ்லைஸ், பிளைமத் ஆலைகளின் உரிமையாளர்கள் சேர்ந்து, கால்வாயின் நெரிசலான மேற்பகுதியைத் தவிர்த்து, நேராக அபர்கனன் படகுத்துறைக்கே செல்லும் ஒன்பதரை மைல் நீளப் பாதையை அமைத்தார்கள். ஜார்ஜ் ஓவர்ட்டன் பொறியாளராக இருந்தார்; பாதை 1802இல் இயங்கத் தொடங்கியது. ஏற்றிய வண்டிகள் கீழே வரும், வெறும் வண்டிகள் மேலே போகும்; ஆகவே சராசரியாக 145 அடிக்கு ஓரடி இறங்கும் மென்சரிவு ஒரே திசையில் தொடர்ந்து வைக்கப்பட்டது. அபர்கனனிலிருந்து மேல்நோக்கி நடக்கும்போது ஏறுகிறோம் என்ற உணர்வே பெரும்பாலும் எழாது. சுமையின் திசை பாதையை வடிவமைத்தது என்று சொன்னேனே, அதைக் கால்களால் உணரக்கூடிய இடம் இது.

டாஃப் ஆற்றின் ஓரமாக மேலே போகையில் குவேக்கர்ஸ் யார்டு அருகே பாதை அடுத்தடுத்து இருமுறை ஆற்றைக் கடக்கிறது. முதலில் இங்கே இருந்தவை மரப்பாலங்கள். அவற்றில் ஒன்று 1815இல் இரும்பு ஏற்றிச் சென்ற வண்டிகளோடு சரிந்துவிட்டது. பிறகுதான் இன்று நாம் காணும் கற்பாலங்கள் கட்டப்பட்டன. பாலத்தின் மேல் நின்று படமெடுப்பதோடு நின்றுவிடாமல், பாதுகாப்பாக இறங்க வழியிருந்தால் கீழிருந்தும் வளைவைப் பாருங்கள். குதிரைவண்டிகளுக்கென்று கட்டிய பாலம் என்பதால் தளம் குறுகலாகவும் கைப்பிடிச் சுவர் தாழ்வாகவும் இருக்கும்.

இங்கிருந்து போன்டிகுவைத் வரையிலான காட்டுப்பகுதியே இந்த நடையின் உயிர்ப்பகுதி. தாங்குகற்கள் தங்கள் பழைய இடத்திலேயே இரு வரிசைகளாகக் கிடக்கின்றன. 1804 பிப்ரவரி 21 அன்று பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி எந்திரம் ஐந்து வண்டிகளில் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு இந்தக் கற்களின் மீதுதான் சென்றது. பெனிடாரன் ஆலையின் சாமுவேல் ஹாம்ஃப்ரே கட்டிய பந்தயத்துக்காக நடந்த அந்தப் பயணம் 4 மணி 5 நிமிடம் எடுத்துக்கொண்டது. வழியில் மரங்களை வெட்டவும் பெரும் பாறைகளை அகற்றவும் வேண்டியிருந்தது. எந்திரம் வென்றது, பாதை தோற்றது. வார்ப்பிரும்புத் தட்டுகள் எடை தாங்காமல் உடைந்ததால் பழையபடி குதிரைகளே தொடர்ந்தன. இந்தப் பாதையைப் பற்றிப் பேசுவோர் பலரும் இந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சற்று வருத்தமே. 1841இல் டாஃப் வேல் ரயில்வே மெர்தரை எட்டிய பின்னரும் பாதையின் சில பகுதிகளில் போக்குவரத்து நீடித்தது. நாள்தோறும் இரும்பைச் சுமந்த குதிரைகளின் உழைப்பே இதன் உண்மையான வரலாறு.

பென்ட்ரெபாக்கில் பிளைமத் இரும்பாலையின் உலைகளுக்குக் கனிமம் கொட்டும் மேடைக்குக் கீழே ஒரு சிறு சுரங்கவழி வெட்டப்பட்டது. ஏறத்தாழ எட்டடி அகலமும் எட்டடி உயரமுமே கொண்ட அதன் வழியாகத்தான் ட்ரெவிதிக்கின் எந்திரமும் சென்றது. அதன் முகப்பு இன்று பாதுகாக்கப்பட்டுள்ளது. பெனிடாரனில் ஆலை நின்ற பகுதியில் சாலையோரமாக ட்ரெவிதிக் நினைவுச்சின்னம் ஒன்றைத் தவிரப் பார்க்க அதிகமில்லை.

ஐந்தாம் படி: ஒரு தாங்குகல்லின் முன் மண்டியிடுங்கள்

ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, மேலே கிடக்கும் சருகைக் கையால் மட்டும் ஒதுக்குங்கள். பாசியைச் சுரண்டவோ மண்ணைத் தோண்டவோ கூடாது. கல்லின் மேற்பரப்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரியும். அதில் மரமுளையை அடித்து இறுக்கி, அந்த முளைக்குள் இரும்பாணியைச் செலுத்தித் தட்டின் முனைகளை நிறுத்தினார்கள். அடுத்தடுத்த இரு தட்டுகளின் முனைகளும் ஒரே கல்லில் சந்தித்ததால் ஓர் ஆணியே இரண்டையும் பிடித்துக்கொண்டது. துளையைச் சுற்றிக் கல் சற்றே தாழ்ந்து மழமழப்பாக இருந்தால், தட்டு அமர்ந்து அதிர்ந்து தேய்த்த தடம் அது. விரலால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத விளிம்பும் பிடிபடும். மேகமூட்டமான நாளில் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கை அடித்துப் பார்ப்பது பயன் தரும்.

ஒற்றைத் துளை பொதுவாகத் தட்டுத் தண்டவாளத்தைக் குறிக்கும். இரட்டைத் துளை, தண்டவாளத்தைப் பற்றும் வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்று இருந்ததைக் குறிக்கும். இரட்டைத் துளை கண்டவுடன் விளிம்புத் தண்டவாளம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தட்டுகளுக்கும் பிற்காலத்தில் தாங்கிகள் பயன்படுத்தப்பட்டன. ஒரே கல்லில் வெவ்வேறு இடங்களில் துளைகள் இருந்தால், தண்டவாளத்தை மாற்றும்போது அதே கல்லை மறுபடி துளையிட்டுப் பயன்படுத்தியிருக்கலாம்.

இப்போது அளவுநாடாவை எடுங்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்த கற்களின் துளைகளுக்கிடையே ஏறத்தாழ 3 அடி இருந்தால், அது தட்டின் நீளத்தோடு பொருந்தும். அடுத்து, எதிரெதிர்க் கற்களின் துளைகளுக்கிடையே குறுக்காக அளவிடுங்கள். நூல்களில் தரப்படும் பாதை அகலம் தட்டுகளின் நிமிர்ந்த விளிம்புகளுக்கிடையே அளந்தது. துளையோ தட்டின் கிடைத்தளத்தில், அந்த விளிம்புக்கு வெளிப்புறமாக அமைந்தது. ஆகவே உங்கள் அளவு நூலில் உள்ளதைவிடச் சில அங்குலம் கூடுதலாகவே வரும், அது பிழையன்று. மன்மத்ஷயர் பகுதியில் பரவலாக இருந்த அகலம் 4 அடி 2 அங்குலம். ஏழாம் படியில் வரும் பிரினோர் டிராம்பாதையில் 3 அடி 6 அங்குலம். மரவேர்களும் நீரும் கற்களை நகர்த்தியிருக்கும் என்பதால் பல இணைகளை அளந்து சராசரி காண்பதே முறை.

இடம்பெயர்ந்த கற்களும் உண்டு. தோட்டச்சுவரில், கால்வாய்க்கரையில், வேலிக்கம்பத்தின் அடியில் எனப் பல இடங்களில் துளையிட்ட கற்களைக் காண்பீர்கள். அவை பாதை அருகில் இருந்ததைச் சொல்லும்; அந்த இடத்தில்தான் இருந்தது என்று சொல்லா.

ஆறாம் படி: கல் இல்லாத இடத்தில் தளத்தைப் படியுங்கள்

பெரும்பாலான தொலைவில் கற்கள் கிடைக்காது. அங்கே நிலத்தின் வடிவமே சான்று. மலைச்சரிவில் சமஉயரக் கோட்டை விடாமல் பின்பற்றி, ஒவ்வோர் ஓடை வரும்போதும் மலைக்குள் திரும்பி, ஓடையைச் சிறு மதகால் கடந்து, மறுபக்கம் வெளியே வரும் குறுகிய தளம் பெரும்பாலும் டிராம்பாதையே. பிற்கால ரயில்பாதை இத்தகைய கூரிய வளைவுகளில் திரும்ப முடியாது. அது மலையை வெட்டியும் பள்ளத்தில் மண்கரை எழுப்பியும் நேராகச் செல்லும். ஆலைக்கு நீர் கொண்டுசென்ற வாய்க்காலும் சமஉயரமாகத்தான் போகும். ஆனால் அதில் நடுவே குழிவும் தாழ்ந்த பக்கத்தில் மண்கரையும் இருக்கும், சரிவும் மிகமிகக் குறைவு. பழைய ஊர்ச்சாலையோ ஏறி இறங்கத் தயங்காது. ஆயினும் குழப்பம் வரும் இடங்கள் பல. பழைய வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர் அங்கே வீணாக வாதிட வேண்டியதில்லை.

பள்ளத்தாக்கின் பக்கம் சாந்தில்லாமல் அடுக்கிய தடுப்புச்சுவரைத் தேடுங்கள். அது உடைந்த இடத்தில், தளம் எப்படி மண்ணும் உலைக்கசடும் நிரப்பி எழுப்பப்பட்டது என்பதன் குறுக்குவெட்டைக் காணலாம். சரிவு திடீரென்று செங்குத்தாகும் நேரான பகுதி, கயிறு கட்டி வண்டிகளை இறக்கிய சாய்தளமாக இருக்கலாம். அப்படியானால் அதன் தலைப்பில் கயிற்று உருளை நின்ற மேடை இருந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: அடுத்துச் செல்ல வேண்டிய இடங்கள்

சாய்தளத்தையும் சமஉயரப் பாதையையும் ஒரே நடையில் காண ஹில் டிராம்பாதைக்குச் செல்லுங்கள். ப்ளைனாவன் இரும்பாலையின் தாமஸ் ஹில் அமைத்த இது, மலைக்குள் ஏறத்தாழ ஒன்றரை மைல் நீளமுள்ள பூல் டீ சுரங்கவழியைக் கடந்து, வார்ப்பிரும்பைக் கார்ன்திரிஸ் பட்டறைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து அடித்துருவாக்கிய இரும்பு ப்ளோரெஞ்ச் மலையின் விலாவைச் சுற்றிச் சென்று, சாய்தளங்களில் இறங்கி, லான்ஃபாய்ஸ்ட் படகுத்துறையில் பிரெக்னாக் அபர்கவெனிக் கால்வாயை அடைந்தது. பிரிட்டனில் குதிரைப்பாதைக்கென வெட்டிய மிக நீண்ட சுரங்கவழி இதுவே. அதன் வாயை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்ன்திரிஸில் உறைந்துபோன பெருங்கசடுப் பாளம் ஒன்று தனியே நிற்கிறது. பட்டறை ஏன் மனித வாடையற்ற இந்த மலையில் இருந்தது என்று வியப்பவர், இரும்பு அடுத்து எங்கே போயிற்று என்று கேட்டால் விடை காண்பார். இந்தப் பகுதி முழுவதும் 2000ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியத் தலத்தின் எல்லைக்குள் உள்ளது.

எதிர்த்திசைச் சுமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மெர்தரில் உள்ள பான்ட்-இ-கவ்னை பாலம். இங்கே சுமை ஆலையை நோக்கி வந்தது: குர்னோஸ் குவாரியின் சுண்ணாம்புக்கல் கிவார்த்வா உலைகளுக்குச் சென்றது. 1793இல் வாட்கின் ஜார்ஜ் கட்டிய இந்த வார்ப்பிரும்புப் பாலம் மேலே டிராம்பாதையையும் அதன் கீழே நீர்த்தொட்டியையும் தாங்கியது; உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய இரும்பு ரயில்பாலமாகக் கருதப்படுகிறது. ஜார்ஜ் அடிப்படையில் தச்சர். இரும்புச் சட்டங்கள் மரவேலையில்போலப் புறாவால் இணைப்பாலும் துளைமுளைப் பொருத்தாலும் கோக்கப்பட்டிருப்பதை அருகில் நின்று பார்த்தால் அவருடைய கைப்பழக்கம் புரியும். அபர்டேரின் ராபர்ட்ஸ்டவுனில் 1811ஐச் சேர்ந்த இன்னொரு வார்ப்பிரும்பு டிராம்பாலம் உள்ளது. அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

நெடுநடைக்கு 1815இல் திறக்கப்பட்ட பிரினோர் டிராம்பாதை. ட்ரெவில் குவாரிகளின் சுண்ணாம்புக்கல் டாலிபாண்ட் ஊரில் கால்வாய்க்கு இறங்கியது. இங்கேயும் ஓவர்ட்டனின் கைவண்ணம்தான். அவரே பின்னர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில்பாதைக்கும் முதல் அளவீட்டைச் செய்தார்.

எட்டாம் படி: பதிவு செய்து தெரிவியுங்கள்

ஒவ்வொரு தடயத்துக்கும் இருப்பிடக் குறியீடு, தேதி, அளவுகள், கல்லின் பக்கத்தில் அளவுகோல் வைத்தெடுத்த மேற்புறப் படம், சூழலைக் காட்டும் தொலைவுப் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கற்கள் மேல்நோக்கி எந்தத் திசையில் நீள்கின்றன, சுமை எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்ற உங்கள் கணிப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். பின்னால் அது தவறாகப்போனாலும் பயனுள்ளதே.

எதையும் எடுத்துவராதீர்கள். உடைந்த தட்டுத்துண்டு ஒன்றை அது கிடந்த இடத்திலிருந்து அகற்றிவிட்டால், அது எந்தப் பாதையைச் சேர்ந்தது என்பதே பிறகு தெரியாமல் போய்விடும். இந்தப் பாதைகளின் பல பகுதிகள் வேல்ஸ் அரசின் பாரம்பரியப் பாதுகாப்புப் பிரிவான கடூ அமைப்பின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்; அங்கே அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் தோண்டுவதும் குற்றம். தனியார் நிலமாக இருந்தால் பொதுவழியை விட்டு விலகுமுன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். பண்ணைக்காரர்களிடம் பேசினால், எந்த வரைபடத்திலும் இல்லாத கற்களைப் பற்றியும் பலசமயம் தகவல் கிடைக்கும்.

புதிதாக எதையேனும் கண்டால், 2024 ஏப்ரலில் வேல்ஸின் நான்கு தொல்லியல் அறக்கட்டளைகள் இணைந்து உருவான ஹெனெப் அமைப்புக்குப் படங்களோடும் குறியீட்டோடும் எழுதுங்கள். வட்டாரப் பதிவேட்டை அவர்களே பராமரிக்கிறார்கள். காட்டுமர வெட்டு, மிதிவண்டிப் பாதை, வீட்டுமனைத் திட்டம் ஆகியவற்றுக்கு அனுமதி தருமுன் திட்ட அதிகாரிகள் கலந்துபார்ப்பது அந்தப் பதிவேட்டையே.